உலையிலிருந்து பறந்தது எங்கே போயிற்று? ஆவியாகும் தனிமங்களும் கதிரியக்கச் சுவடறிவான்களும்

செம்புத்தாது உருக்கும் ஆலையில் ஆர்செனிக்கின் வரவு செலவுக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அது பெரும்பாலும் நேராவதில்லை. உள்ளே போன தாதுவில் எவ்வளவு இருந்தது என்று தெரியும். உருகி வந்த செம்பில், கசடில், வடிகட்டியில் பிடிபட்ட தூசியில் எவ்வளவு இருக்கிறது என்றும் அளந்துவிடலாம். மூன்றையும் கூட்டினால் துண்டு விழும். அந்தத் துண்டுக்கு ‘இழப்பு’ என்று ஒரு தலைப்புக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவது வழக்கம். இரும்புக்கும் செம்புக்கும் இந்தத் தொல்லை அவ்வளவாகக் கிடையாது. அவை உலையின் வெப்பத்தில் உருகுமே தவிரப் பறக்காது. பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடுகிறது. காட்மியம் 767-இல், துத்தநாகம் 907-இல். ஆர்செனிக் உருகாமலே ஏறத்தாழ 615 டிகிரியில் நேராக ஆவியாகிறது. எஃகு உருக்கும் வெப்பநிலை 1,600 டிகிரியை ஒட்டியது என்பதை நினைத்துக்கொண்டால், இந்தத் தனிமங்கள் போட்ட இடத்தில் நிற்காது என்பது விளங்கும். குழாயின் குளிர்ந்த வளைவில் படியும், செங்கல்லின் துளைகளுக்குள் ஊறும், தூசியில் ஒட்டிக்கொண்டு புகைபோக்கி வழியே வெளியேறும், சில வேளை திரும்பி உலைக்குள்ளேயே விழும். இவற்றின் பின்னால் போய்ப் பார்க்க உதவுபவை கதிரியக்கச் சுவடறிவான்கள், அதாவது ஒரு தனிமத்தோடு கலந்து அதன் போக்கைத் தம் கதிர்வீச்சால் காட்டும் ஐசோடோப்புகள்; அந்த முறைக்கு வயது நூறாண்டுக்கும் மேல். மிகச் சிறிய அளவையும் காட்டிக்கொடுக்கும் நுண்ணுணர்வுக்காகவே அவற்றைப் பொதுவாகப் புகழ்கிறார்கள். அந்தப் புகழ்ச்சி பொய்யில்லை. ஆனால் அவற்றின் பெரிய பலம் அடையாளம் காட்டுவதில் இருக்கிறது என்பது என் கருத்து. ஒரே தனிமத்தின் இரண்டு பங்குகளில் எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல வேதிப் பகுப்பாய்வால் முடியாது; சுவடறிவானால் முடியும். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால்தான், எந்த வேலைக்கு அவற்றை இன்றும் விடக்கூடாது, எந்த வேலைக்கு விட்டுவிடலாம் என்று தீர்மானிக்க இயலும்.

இந்த முறை பிறந்ததே அடையாளம் பற்றிய ஒரு தோல்வியிலிருந்துதான். மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் இருந்த ஜார்ஜ் டி ஹெவெஷியிடம், பெருமளவு ஈயத்தோடு கலந்து கிடந்த ரேடியம்-டி என்ற பொருளைப் பிரித்தெடுக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. எவ்வளவு முயன்றும் பிரியவில்லை. பிரியாததற்குக் காரணம், அதுவும் ஈயமே என்பதுதான். இன்று அதை ஈயம்-210 என்கிறோம். பிரிக்க முடியாதென்றால், அதையே ஈயத்தின் அடையாளக் குறியாக ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஹெவெஷி எண்ணினார். 1913-இல் வியன்னாவில் ஃபிரிட்ஸ் பானெத்துடன் சேர்ந்து, நீரில் மிக அரிதாகவே கரையும் ஈயச் சேர்மங்களின் கரைதிறனை இப்படி அளந்தார். உலோகவியலுக்கு இதைவிட முக்கியமானது 1920-இல் குரோவுடன் சேர்ந்து செய்த சோதனை. உருகிய ஈயத்துக்குள் ஈய அணுக்களே எவ்வளவு வேகமாக இடம்பெயர்கின்றன என்பதை அவர்கள் அளந்தார்கள். ஈயத்துக்குள் ஈயம் நகர்வதை எந்தத் தராசு காட்டும்? எந்த வினைபொருள் நிறம் மாறிச் சொல்லும்? நகர்ந்த அணுவும் நகராத அணுவும் வேதியியலின் கண்ணுக்கு ஒன்றே. நுண்ணுணர்வை எத்தனை மடங்கு பெருக்கினாலும் இந்தக் கேள்விக்கு அது விடை தராது. ஆவியாகும் உலோகங்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். காற்று நீக்கி மூடிய கலத்தில் ஒரே வெப்பநிலையில் இரண்டு துத்தநாகத் துண்டுகளை வைத்து, ஒன்றில் மட்டும் துத்தநாகம்-65 கலந்திருந்தால், நாள் கணக்கில் எடையில் மாற்றமே இருக்காது. கதிரியக்கமோ மெல்ல மெல்ல மற்றத் துண்டுக்கும் பரவியிருக்கும். ஆவியாதலும் படிதலும் இடையறாது நடந்துகொண்டே இருந்தன என்பதற்கு அந்தப் பரவல் ஒன்றுதான் சாட்சி.

நுண்ணுணர்வுக்கு உரிய இடத்தையும் கொடுத்துவிட வேண்டும். நொடிக்கு 100 சிதைவு, அதாவது 100 பெக்கரல், நல்ல காமா எண்ணி தயங்காமல் அளக்கக்கூடிய அளவு. துத்தநாகம்-65-இன் அரை ஆயுட்காலம் 244 நாள் என்பதைக் கொண்டு கணக்கிட்டால், 100 பெக்கரல் தரும் கதிரியக்க அணுக்களின் எடை ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆவி அழுத்த ஆய்வுக்கு இது வரப்பிரசாதமாக அமைந்தது. மார்ட்டின் நுட்சன் 1909-இல் வகுத்த முறையில், உலோகத்தை ஒரு சிறு கலத்தில் அடைத்து வெற்றிடத்தில் சூடாக்கி, மூடியில் உள்ள நுண்துளை வழியே ஆவி கசியும் வேகத்திலிருந்து அழுத்தத்தைக் கணக்கிடுகிறோம். ஏறத்தாழ 1,000 கெல்வினில் வெள்ளியின் ஆவி அழுத்தம் ஒரு பாஸ்கலில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். துளையின் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டர் என்றால், ஒரு மணி நேரத்தில் வெளியேறும் வெள்ளி ஐந்து மைக்ரோகிராம் அளவே. பல கிராம் கனமுள்ள கலத்தின் எடைக்குறைவாக அதை அளப்பது பெரும்பாடு. கதிரியக்க வெள்ளியைச் சேர்த்துவிட்டு, எதிரே வைத்த குளிர்ந்த தகட்டில் படிந்ததை எண்ணினால் வேலை எளிதாகிவிடும். 1950-களின் தொடக்கத்தில் பிர்ச்செனால் என்ற ஆய்வாளரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் வெள்ளியிலும், பிறகு வெள்ளி–தங்கக் கலவையிலும் இதைச் செய்து காட்டினார்கள். மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கதிர்வேதியியலாளர் ஆந்த்ரேய் நெஸ்மேயானவ் இதே வழியில் வெகுதூரம் போய், தனிமங்களின் ஆவி அழுத்தங்களைத் தொகுத்து ஒரு நூலே எழுதினார். கலவை என்று வரும்போது நுண்ணுணர்வோடு அடையாளமும் கைகொடுக்கிறது: எடைக்குறைவு எல்லா ஆவிகளின் கூட்டுத்தொகையையும் சொல்லும், சுவடறிவான் தன் தனிமத்தின் பங்கை மட்டும் சொல்லும்.

இங்கேயே ஒரு எல்லையையும் குறித்தாக வேண்டும். சுவடறிவான் அணுக்களை எண்ணும்; அந்த அணுக்கள் எந்த மூலக்கூறாகப் பறந்தன என்று அதற்குத் தெரியாது. ஆர்செனிக் ஆவி பெரும்பாலும் நான்கு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாகவே கிளம்புகிறது. அதைத் தனி அணு என்று எடுத்துக்கொண்டு நுட்சன் சமன்பாட்டில் போட்டால், கிடைக்கும் அழுத்தம் உண்மையைப் போல் இரண்டு மடங்காகிவிடும். ஆன்டிமனி, பாஸ்பரஸ், கந்தகம் எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. மூலக்கூறின் நிறையை அறிய நிறைநிறமாலைமானியைத்தான் நாட வேண்டும். இரண்டு கருவிகளும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. ஒன்று வந்ததால் மற்றது போயிற்று என்ற பேச்சு ஆய்வேடுகளில் அடிக்கடி வந்தாலும் அதற்கு அடிப்படை இல்லை.

ஆலையை நோக்கி வந்தால் அடையாளத்தின் அருமை கூடுகிறது. எஃகில் கந்தகம் இருந்தால் அது சூட்டில் உடையும். அந்தக் கந்தகத்தில் பெரும்பங்கு கல்கரியின் மூலம் ஊது உலைக்கு வருகிறது. கல்கரிக்கோ அது நிலக்கரியிலிருந்து வந்தது. நிலக்கரியில் கந்தகம் இரண்டு முக்கிய வடிவங்களில் இருக்கிறது: பைரைட் என்ற இரும்புக் கனிமமாகவும், நிலக்கரியின் கரிமப் பொருளோடு பிணைந்தும். பைரைட்டைக் கழுவி நீக்கலாம். பிணைந்திருப்பதை அப்படி நீக்க வழியில்லை. ஆகவே, கல்கரியில் கடைசியாகத் தங்கும் கந்தகம் எதிலிருந்து வந்தது என்பது காசு பணம் சம்பந்தப்பட்ட கேள்வி. நிலக்கரியைக் கரியாக்கும் சூட்டில் பைரைட் பாதியளவு கந்தகத்தை ஆவியாக விட்டுவிடுகிறது. அந்த ஆவி பக்கத்திலுள்ள கரிமப் பொருளோடு மறுபடி பிணைகிறது. கரியாக்கல் முடிந்தபின் கல்கரியை எவ்வளவு நுணுக்கமாகப் பகுத்தாலும் உள்ளது கந்தகம் என்றுதான் தெரியும். அதன் பூர்வீகம் தெரியாது. கந்தகம்-35 கொண்டு தயாரித்த பைரைட்டை நிலக்கரியில் கலந்து கரியாக்கிய சோதனைகள் 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்தன. கல்கரியில் தங்கிய கந்தகம் பைரைட்டிலிருந்தும் கரிமப் பொருளிலிருந்தும், நிலக்கரியில் இருந்த அதே விகிதத்தில் வந்திருந்தது என்று அவை காட்டின. பைரைட் கந்தகம் எளிதில் பறந்துவிடும், மற்றது மட்டுமே தங்கும் என்று நம்புவதற்கு இதன் பிறகு இடமில்லை. கழுவுதலுக்குச் செலவிடுவது எவ்வளவு பயன் தரும் என்ற கணக்குக்கு இந்த முடிவு ஒரு அடித்தளம்.

ஊது உலையில் துத்தநாகம் செய்யும் சேட்டை இன்னும் கடினமான வழக்கு. உலையின் கீழ்ப்பகுதியில் துத்தநாக ஆக்சைடு ஒடுங்கி உலோக ஆவியாகிறது. ஆவி மேலே ஏறுகிறது. மேலே குளிர்ந்த பகுதியில் மறுபடி ஆக்சைடாகித் தாதுவின் மீதும் கல்கரியின் மீதும் படிகிறது. அவை கீழே இறங்கும்போது அதுவும் கூடவே இறங்கி, சூட்டில் மீண்டும் ஆவியாகிறது. ராஜஸ்தானின் ஜாவரில் இடைக்காலத்திலேயே துத்தநாகம் காய்ச்சியவர்கள் இந்த மறு ஆக்சிஜனேற்றத்தைத் தவிர்க்கத்தான் மண்குப்பிகளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஆவியைக் கீழ்நோக்கி வடியச் செய்தார்கள். ஊது உலையில் அந்த வசதி இல்லை. சுற்றிச் சுற்றி வரும் துத்தநாகம் உலைக்குள் சேர்ந்து, சுவர்ச் செங்கல்லை உப்பச் செய்து, மேற்சுவரில் கட்டிதட்டுகிறது. தினமும் உள்ளே போவதையும் மேல்தூசியில் வெளிவருவதையும் பகுப்பாய்வு சொல்லிவிடும். இன்று வெளிவந்த துத்தநாகம் நேற்று உள்ளே போனதா, போன மாதம் போனதா என்பதை அது சொல்லாது. உலைக்குள் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதை அறிய அந்த வயதுக் கணக்கு அவசியம். ஒரு வேளை இடும் தாதுவில் மட்டும் கதிரியக்கத் துத்தநாகத்தைச் சேர்த்து, மேல்தூசியில் அது எப்போது தலைகாட்டுகிறது, எவ்வளவு நாள் வால் நீள்கிறது என்று பார்த்தால் தேக்கத்தின் அளவை நேராகவே மதிப்பிடலாம். அதற்கு இணையான வேறு வழி ஆலையளவில் இல்லை.

திட்டமிடாத இரண்டு விபத்துகளும் இந்த வாதத்துக்குச் சான்று தருகின்றன. மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரெஸில், கைவிடப்பட்ட மருத்துவக் கருவியிலிருந்த கோபால்ட்-60 மணிகள் பழைய இரும்போடு கலந்து உருக்கப்பட்டன. 1984 ஜனவரியில் அந்த எஃகுக் கம்பிகளை ஏற்றிய லாரி லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் அளவீட்டுக் கருவியை ஒலிக்கச் செய்தபோதுதான் செய்தி வெளியே தெரிந்தது. ஸ்பெயினின் லாஸ் பாரியோஸில் 1998 மே 30 அன்று பழைய இரும்போடு சேர்ந்து உருகியது சீசியம்-137. அங்கே உருக்கிய எஃகில் மாசு தங்கவில்லை. சீசியம் 671 டிகிரியிலேயே கொதிப்பது. முழுக்க ஆவியாகி, வடிகட்டித் தூசியிலும் புகைபோக்கி வழியே காற்றிலும் போய்ச் சேர்ந்தது. பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி நாடுகளின் காற்றுக் கண்காணிப்பு நிலையங்கள் சில நாட்களில் அதைக் கண்டுபிடித்தன. இரண்டு ஆலைகளிலும் நடந்த உருக்கும் தொழில் ஒன்றே. கோபால்ட் எஃகோடு நின்றது, சீசியம் நாடு தாண்டிப் பறந்தது. வடிகட்டியைக் கடந்து போகும் ஆவி எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை எந்த ஆலைக் கணக்கும் இவ்வளவு துலக்கமாகச் சொன்னதில்லை. அதே புகைபோக்கி வழியே பாதரசமும் காட்மியமும் தினமும் வெளியேறும்போது ஒலியெழுப்ப எந்தக் கருவியும் இல்லை என்பது என்னை மிகவும் உறுத்துகிறது.

இனி மறுப்புகள். கதிரியக்க ஐசோடோப்பின் நிறை வேறு, ஆகவே அது ஆவியாகும் வேகமும் வேறு என்பது முதலாவது. இது உண்மைதான், ஆவியாகும் தனிமங்களில்தான் இது தெளிவாக வெளிப்படும். இதை நிறுவிக் காட்டியவர்களில் ஒருவர் ஹெவெஷியே. 1920-இல் கோபன்ஹேகனில் பிரான்ஸ்டெட்டுடன் சேர்ந்து, பாதரசத்தை மெல்ல ஆவியாக்கிக் குளிர்ந்த பரப்பில் பிடித்து, அதன் ஐசோடோப்புகளை ஓரளவு பிரித்துக் காட்டினார். தன் முறையின் அடிப்படைக்கு எதிரான விதிவிலக்கைத் தானே தேடி அளந்த அந்த நேர்மை வணங்கத்தக்கது. ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். வெற்றிடத்தில் ஆவியாகும் வேகம் நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். பாதரசம்-203-க்கும் சாதாரணப் பாதரசத்துக்கும் அந்த வித்தியாசம் 0.6 விழுக்காடு, துத்தநாகம்-65-க்கு 0.3 விழுக்காடு, நான்கணு ஆர்செனிக் மூலக்கூறில் ஓர் அணு ஆர்செனிக்-76 என்றால் 0.2 விழுக்காட்டுக்கும் கீழே. கந்தகம்-35 கொண்ட சல்ஃபர் டை ஆக்சைடில் மட்டும் அது இரண்டு விழுக்காட்டைத் தாண்டுகிறது. உலையின் வெப்பநிலையை இரண்டு மூன்று டிகிரி தவறாகப் படிப்பதால் வரும் பிழை இதைவிடப் பெரிது. கந்தகத்துக்குத் திருத்தம் போட வேண்டும். மற்றவற்றில் இதை ஒரு தடையாகச் சொல்வது பொருந்தாது.

உண்மையாகவே கனமான மறுப்பு வேறு. சேர்த்த ஐசோடோப்பு, தாதுவிலுள்ள தனிமம் இருக்கும் அதே வேதி வடிவத்தில் இல்லாவிட்டால், அளப்பது தாதுவை அல்ல, நாம் சேர்த்த உப்பை. ஆர்செனோபைரைட்டில் ஆர்செனிக் இரும்போடும் கந்தகத்தோடும் பிணைந்திருக்கிறது. எனார்கைட்டில் செம்போடு. ஆர்செனிக் டிரை ஆக்சைடாகக் கதிரியக்க ஆர்செனிக்கைத் தூவிவிட்டு வறுத்தால், கனிமம் சிதையத் தொடங்கும் முன்பே அது பறந்துபோயிருக்கும். ஆக்சிஜன் மிகுந்தால் ஆர்செனேட்டாகி எளிதில் ஆவியாகாத வடிவத்தில் தங்கிவிடும் பங்கைப் பற்றி அந்தச் சோதனை எதுவும் சொல்லாது. இதற்குத் தீர்வு இரண்டு. கதிரியக்கத் தனிமத்தைக் கொண்டே கனிமத்தைத் தயாரிக்கலாம். ஆர்செனிக்-76-இன் அரை ஆயுட்காலம் 26 மணி நேரமே என்பதால் அதற்கு அவகாசம் போதாது, 17.8 நாள் தாங்கும் ஆர்செனிக்-74 வேண்டும். அல்லது இயற்கைக் கனிமத்தையே அணு உலையில் வைத்து நியூட்ரான் படச் செய்யலாம். அப்போது செம்பும் ஆன்டிமனியும் இரும்பும் கூடவே கதிரியக்கம் பெறும். ஜெர்மேனியம் உணர்கருவி அவற்றின் காமா ஆற்றல்களைத் தனித்தனியே பிரித்துவிடும். ஆயினும் ஸிலார்டும் சால்மர்ஸும் 1934-இல் காட்டியபடி, நியூட்ரானை விழுங்கிய அணு காமாக் கதிரை உமிழும் வேகத்தில் தன் வேதிப் பிணைப்பிலிருந்து எகிறி வெளியே விழக்கூடும். மிதமான சூட்டில் பதப்படுத்தி அதைப் பழைய இடத்தில் அமரவைத்த பிறகே வறுத்தலைத் தொடங்க வேண்டும். சுவடறிவான் எந்த வடிவில் சேர்க்கப்பட்டது, தாதுவோடு சமநிலை அடைந்ததா என்று சொல்லாத ஆய்வின் எண்களை நான் ஏற்க மாட்டேன். பழைய ஆய்வுகள் பல இந்த இடத்தில்தான் சறுக்கின.

மூன்றாவது மறுப்பு காலத்தைப் பற்றியது. பிளாஸ்மா நிறைநிறமாலைமானிகள் கோடியில் ஒரு பங்கையும் அளக்கின்றன. வெப்ப இயக்கவியல் மென்பொருள்கள் உலையின் சமநிலையைக் கணினியிலேயே கணக்கிட்டுவிடுகின்றன. கதிரியக்கத்தோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்கிறார்கள். நுண்ணுணர்வு மட்டுமே தேவைப்படும் இடங்களில் இந்த மறுப்பை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அந்த நிறைநிறமாலைமானிக்குப் பெரும்பாலும் கரைசல் வேண்டும். கரைசலாக்கும் சூட்டிலேயே பாதரசமும் செலீனியமும் கைநழுவக் கூடியவை. கரிமப் பொருள்களைச் சாம்பலாக்கிப் பகுக்கும்போது எந்தத் தனிமம் எவ்வளவு இழக்கப்படுகிறது என்பதை 1959-இல் கோர்சச் என்ற ஆய்வாளர் கதிரியக்க ஐசோடோப்புகளைக் கொண்டுதான் கண்டறிந்தார். பகுப்பாய்வின் நம்பகத்தன்மையே சுவடறிவான் கொடுத்த நற்சான்றின் மேல் நிற்கிறது. மென்பொருளோ சமநிலையைச் சொல்லும். ஊது உலையில் துத்தநாகம் சமநிலையில் இருப்பதே இல்லை. கதிரியக்கமற்ற செறிவூட்டிய ஐசோடோப்புகளும் அடையாளத்தைக் காக்கும் என்பது சரியான வாதம். துத்தநாகம்-68-ஐ இப்படிப் பயன்படுத்தலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் மாதிரி எடுக்க வேண்டும். காமாக் கதிர் உலையின் சுவரைத் துளைத்து வருவதால், உள்ளே ஆவி எந்த இடத்தில் படிகிறது என்பதை உலையை அணைக்காமல் வெளியிலிருந்தே பார்க்கலாம்.

பாதுகாப்பைப் பற்றிய அச்சத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆவியாகும் கதிரியக்கப் பொருள் மூச்சில் போகும். லாஸ் பாரியோஸ் அதைத்தான் எச்சரிக்கிறது. துத்தநாகம்-65-ஐ ஆலையில் போட்டால் ஆண்டுக்கணக்கில் அது அங்கேயே கிடக்கும். ஏறத்தாழ 14 மணி அரை ஆயுட்காலம் கொண்ட துத்தநாகம்-69எம் ஆறு நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆனால் வாரக்கணக்கில் சுழலும் தேக்கத்தை அதனால் கடைசிவரை பின்தொடர இயலாது. இந்த இழுபறிக்கு முழுத் தீர்வு இல்லை. நீண்ட ஆயுள் உள்ளவற்றை மூடிய ஆய்வகத்துக்கும் குறுகிய ஆயுள் உள்ளவற்றை ஆலைக்கும் ஒதுக்குவதே முறை. சில இடங்களில் தேர்வுக்கே வழியில்லை. ஈய–பிஸ்மத் கலவையைக் குளிர்விப்பானாகக் கொண்ட அணு உலைகளில் பிஸ்மத் நியூட்ரானை ஏற்றுப் பொலோனியம்-210 ஆகிறது. பொலோனியத்துக்குக் கதிரியக்கமற்ற ஐசோடோப்பே கிடையாது. உருகிய கலவையிலிருந்து அது எந்த வேகத்தில் ஆவியாகும் என்ற கேள்விக்கு, 2006-இல் மெகாபை என்ற ஈய–பிஸ்மத் இலக்கை இயக்கிய சுவிட்சர்லாந்தின் பவுல் ஷெரர் நிறுவனத்தில் கதிரியக்க முறைகளைக் கொண்டே விடை தேடினார்கள். கல்பாக்கத்தில் 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய வேகப் பெருக்கிச் சோதனை உலையில் குளிர்விப்பானாக ஓடும் சோடியம், நியூட்ரான் பட்டு 15 மணி அரை ஆயுட்காலம் கொண்ட சோடியம்-24 ஆகித் தன்னைத் தானே அடையாளப்படுத்திக்கொள்கிறது. அதன் ஆவி எங்கே படிகிறது என்று பார்க்க வேறு எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

உலோக ஆலைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவற்றுக்கு ஐசோடோப்பு வெளியிலிருந்து வர வேண்டும். மும்பையை அடுத்த டிராம்பேயின் சைரஸ் அணு உலை 2010 இறுதியில் மூடப்பட்டது. அங்குள்ள துருவா உலையின் உற்பத்தியில் மருத்துவத்துக்கு முதலிடம், அது நியாயமும் கூட. ஆர்செனிக்-76 ரயிலில் சென்னைக்கு வந்து சேர்வதற்குள் கிட்டத்தட்ட பாதி சிதைந்துவிடும். ஆகவே ஆர்செனிக் மிகுந்த தாதுக்களின் வறுத்தலை ஆராய விரும்பும் உலோகவியலாளர்கள் ஐசோடோப்பைத் தங்கள் ஊருக்கு வரவழைக்க முயல்வதைவிட, ஒரு சிறிய வறுப்பு உலையை ஆராய்ச்சி அணு உலையின் வளாகத்துக்குள்ளேயே நிறுவிக்கொள்வதே நடக்கக்கூடிய காரியம்.